பெங்களூரில் மரம் கழிக்கும் வேலை: கூலி, சலுகை, மனநிறைவு மூன்றையும் எடைபோட ஒரு முழு வழிகாட்டி

கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலைப் பக்கமிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள் ஒருபுறம். அல்சூர், மர்ஃபி டவுன், ஸ்ரீராமபுரம், நீலசந்திராவில் பிறந்து வளர்ந்த பையன்கள் இன்னொருபுறம். மரம் ஏறிக் கிளை கழிக்கும் வேலைக்கு வருகிற எல்லாரும் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: "ஒரு நாளைக்கு எவ்வளவு?"

அது கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதை முதலில் கேட்டால் மற்றதெல்லாம் காதில் விழாது. விழுந்தால் யார் பார்ப்பார்கள் என்பது முதலில், வருடத்துக்கு எத்தனை நாள் வேலை என்பது அடுத்து, நாள் கூலி அதற்கப்புறம். இந்த வரிசையை மாற்றிப் போட்டவர்கள்தான் இரண்டே மழைக்காலத்தில் வேலையை விட்டு ஊருக்குத் திரும்புகிறார்கள். மரம் ஏறியும், பிறகு ஏறுகிற ஆட்களைச் சேர்த்தும் பார்த்ததில் எனக்குப் பிடிபட்ட வரிசை கீழே.

1. பேசப் போகும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஆதார், அதோடு இணைந்த மொபைல் எண், உங்கள் பெயரிலேயே ஒரு வங்கிக் கணக்கு. மூன்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஆதாரில் ஒரு இனிஷியல், பாஸ்புக்கில் வேறு இனிஷியல் என்று இருந்தால், நாளைக்கு பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பணத்தை எடுக்கும்போது மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். சேரும் முன் சரிசெய்வது சுலபம்.

முன்பு எங்காவது வேலை செய்திருந்தால் உங்களுக்கு ஏற்கெனவே யூ.ஏ.என். எண், அதாவது வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். எண், இருக்கலாம். கார்மெண்ட்ஸ், செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங் என்று எதில் இருந்திருந்தாலும் தேடிப் பாருங்கள். பழைய எண்ணைச் சொல்லாமல் புது எண் போட்டுக்கொண்டால் பி.எஃப். பணமும் சேவைக் காலமும் இரண்டு துண்டாகிவிடும். பி.எஃப். ஓய்வூதியத்துக்கு 10 வருடச் சேவை வேண்டும் என்பதால் இந்தத் துண்டுகள் பின்னால் உறுத்தும்.

ஒரு சின்ன நோட்டும் வேண்டும். போனில் குறித்தாலும் சரி. யார் என்ன சொன்னார்கள் என்று தேதி போட்டு எழுதுங்கள். மேஸ்திரி சொன்னது ஒன்று, சம்பள நாளில் வந்தது ஒன்று என்று ஆனால் உங்களிடம் இருக்கிற ஒரே சாட்சி அந்த நோட்டு.

2. வேலை எந்த வகை என்று பிரியுங்கள்

"மரம் வெட்டுற வேலை" என்று ஒரே பேச்சில் சொன்னாலும் ஊரில் இது நாலைந்து வேறு வேறு வேலை. எந்த வகை என்று தெரியாமல் கூலியை ஒப்பிடவே முடியாது.

முதலாவது, மாநகராட்சிக்கு டெண்டர் எடுத்தவரின் கேங். 2025 செப்டம்பரில் பழைய மாநகராட்சியான பி.பி.எம்.பி. போய், கிரேட்டர் பெங்களூரு ஆணையமும் அதன் கீழ் ஐந்து மாநகராட்சிகளும் வந்துவிட்டன. வேலையின் தன்மை அப்படியேதான் இருக்கிறது. சாலையோர மரம், சாய்ந்த மரம், காரின் மேல் விழுந்த கிளை. ஏப்ரல், மே மாதங்களில் பருவமழைக்கு முன் அடிக்கிற காற்றுக்குக் குல்மொஹரும் ஆப்பிரிக்கன் டியூலிப்பும் சடசடவென்று முறியும். அந்த இரண்டு மாதமும் ராத்திரி, பகல் கிடையாது. சம்பளம் பில் பாஸ் ஆவதைப் பொறுத்தது. ஒப்பந்ததாரருக்குத் தாமதமானால் உங்களுக்கும் தாமதம்.

அடுத்து, மின்கம்பியை ஒட்டிய கிளைகளைக் கழிக்கும் ஒப்பந்த வேலை. ஒரே மாதிரியான வேலை, நாள் தவறாமல் கிடைக்கும். ஆபத்து என்று பார்த்தால் எல்லாவற்றிலும் மேலே இருப்பது இதுதான்.

மூன்றாவது, ஒயிட்ஃபீல்டு, எலக்ட்ரானிக் சிட்டி, சர்ஜாபூர் ரோடு பக்கத்து அபார்ட்மெண்ட்களையும் ஐ.டி. வளாகங்களையும் பராமரிக்கும் லேண்ட்ஸ்கேப் ஒப்பந்த நிறுவனங்கள். மாதச் சம்பளம், பெரும்பாலும் பி.எஃப்., இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) உண்டு. ஆனால் மரம் ஏறுவது வாரத்தில் இரண்டு நாள் இருக்கும். மற்ற நாள் புல் வெட்டு, தண்ணீர் பாய்ச்சு. ஏறுவதற்காகவே வந்த ஆளுக்கு இது கசக்கும். வயது நாற்பதைத் தாண்டியவருக்கு இதுவே வரம்.

மரப் பராமரிப்பை மட்டுமே செய்கிற சிறு நிறுவனங்களும் உண்டு. ஆட்கள் குறைவு, கற்றுக்கொள்ள நிறைய. கடைசியாக, மேஸ்திரியின் கீழ் தினக்கூலி, அல்லது நீங்களே வீட்டுக்காரரிடம் மரத்துக்கு இவ்வளவு என்று ரேட் பேசிச் செய்வது. பெரும்பாலோர் தொடங்குவது இங்கேதான்.

3. விழுந்தால் யார் கணக்கில்?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள்.

பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருக்கும் ஆளுக்கு இ.எஸ்.ஐ. கட்ட வேண்டும். உங்கள் பங்கு சம்பளத்தில் 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். 20,000 ரூபாய் சம்பளத்தில் உங்களிடம் பிடிப்பது 150 ரூபாய்தான்.

அந்த 150 ரூபாய்க்கு என்ன கிடைக்கும்? உங்களுக்கும் குடும்பத்துக்கும் மருத்துவம். இந்திரா நகரிலும் ராஜாஜி நகரிலும் இ.எஸ்.ஐ. மருத்துவமனைகள் இருக்கின்றன, அல்சூர், மர்ஃபி டவுன்காரர்களுக்கு இந்திரா நகர் பக்கத்திலேயே. வேலையில் அடிபட்டு ஏற முடியாமல் படுத்தால், தேறும் வரை சம்பளத்தில் 90 சதவீதம் வரும். இதற்கு இத்தனை நாள் கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே பொருந்தும். சாதாரணக் காய்ச்சல், நோய்க்கு 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை. அதற்கு மட்டும் ஆறு மாதக் கணக்குக் காலத்தில் குறைந்தது 78 நாள் பங்கு கட்டியிருக்க வேண்டும். உயிர் போனால் குடும்பத்துக்கு மாதாமாதம் தொகை வரும். கால் முறிந்து மூன்று மாதம் வீட்டில் கிடந்தவரைப் பார்த்திருந்தால் இந்த 90 சதவீதத்தின் அருமை தெரியும்.

புதியவர்கள் இங்கே இடறுவது ஒரே மாதிரிதான். "இ.எஸ்.ஐ. உண்டு" என்று சொன்னவுடன் தலையாட்டிவிடுவார்கள். உண்டு என்ற சொல் போதாது. பத்து இலக்க இன்சூரன்ஸ் எண் உங்கள் கைக்கு வர வேண்டும். சில ஒப்பந்ததாரர்கள் ஆள் நிலைப்பாரா பார்க்கலாம் என்று ஒரு மாதம், இரண்டு மாதம் பதிவைத் தள்ளிப்போடுவார்கள். மரத்தின் நடை பழகாத முதல் மாதத்தில்தான் விழும் வாய்ப்பு அதிகம். அதனால் எண் வராமல் ஏறாதீர்கள். கேட்கும் விதம் இப்படி இருக்கலாம்: "அண்ணே, இ.எஸ்.ஐ. நம்பர் வந்ததும் ஏறிடுறேன். அதுவரைக்கும் கீழ் வேலை பாக்குறேன்." நல்ல ஆளாக இருந்தால் இதற்குக் கோபப்பட மாட்டார்.

பத்துப் பேர் இல்லாத சின்ன கேங் என்றால்? இ.எஸ்.ஐ. இல்லாத இடத்தில் விபத்து இழப்பீட்டுப் பொறுப்பு முதலாளியுடையது. கணக்கு இப்படிப் போகும்: இறப்புக்கு மாதச் சம்பளத்தில் பாதி, அதை வயதுக்கான எண்ணால் பெருக்க வேண்டும். 30 வயதுக்கு அந்த எண் 207.98. சம்பளம் எவ்வளவு வாங்கினாலும் கணக்குக்கு 15,000 தான் உச்சம். ஆக 7,500 × 207.98 = 15,59,850 ரூபாய். முழு ஊனத்துக்குப் பாதிக்குப் பதில் 60 சதவீதம்.

சட்டத்தில் இருக்கிற தொகை அது. மேஸ்திரி கையில் இருக்கிற தொகை வேறு. அதனால் இந்த இழப்பீட்டுக்கென்று முதலாளி எடுக்கும் இன்சூரன்ஸைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி, "டபிள்யூ.சி. பாலிசி எடுத்திருக்கீங்களா? அதுல என் பேர், இல்ல ஆள் கணக்கு இருக்கா?" அஞ்சு பேருக்குப் பாலிசி எடுத்துவிட்டு ஒன்பது பேரை ஏற்றுகிற கதை ஊரறிந்தது.

நீங்களே ரேட் பேசிச் செய்தால் உங்களுக்கு முதலாளியே கிடையாது. மேலே சொன்ன எதுவும் ஒட்டாது. அப்போது குறைந்தபட்சம் வங்கியில் பிரதமர் சுரக்ஷா பீமா போட்டுவிடுங்கள். வருடம் 20 ரூபாய், விபத்தில் இறப்புக்கோ முழு ஊனத்துக்கோ 2 லட்சம். ஜூன் 1 முதல் மே 31 வரை ஒரு வருடம். மே கடைசியில் கணக்கில் 20 ரூபாய் இல்லாமல் போய்ப் பாலிசி விட்டுப்போனவர்கள் இருக்கிறார்கள். அதுவும் காற்று, மழை உச்சத்தில் இருக்கும் நேரத்தில்.

4. கூலியை நாளில் பார்க்காதீர்கள், வருடத்தில் பாருங்கள்

மூன்றாவது படியைத் தாண்டிய வேலைகளை மட்டும் இங்கே கொண்டு வாருங்கள். இரண்டு வேலை கைவசம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கீழே வரும் எண்கள் கணக்குப் போடும் விதத்தைக் காட்டத்தான். உங்கள் எண்களை நீங்கள் போடுங்கள்.

முதல் வேலை: மேஸ்திரியிடம் நாள் கூலி 1,200. இரண்டாவது: வளாக வேலை, மாதச் சம்பளம் 20,000.

எல்லாரும் உடனே போடுகிற கணக்கு 1,200 × 26 = 31,200. ரொம்ப தூரம் முன்னால் இருப்பது போலத் தெரியும். ஆனால் 26 நாள் எந்த மாதம் கிடைத்தது? மழை நாள் கழியும். வன அலுவலரின் அனுமதி வராமல் நின்ற நாள் கழியும். பொங்கலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் போன நாள், தோள் வலித்துப் படுத்த நாள், ஆர்டரே இல்லாத நாள். நீங்களாக ஊகிக்க வேண்டாம். அந்த கேங்கில் ஏற்கெனவே இருக்கிற ஒருவரிடம் போன வருடம் எத்தனை நாள் கூலி வாங்கினார் என்று கேளுங்கள். மாதவாரியாகக் கேட்டால் இன்னும் நல்லது, ஏனென்றால் மே மாதத்தை நினைத்துக்கொண்டு பேசுகிறவர் ஜனவரியை மறந்துவிடுவார்.

215 நாள் என்று வைத்தால் வருடத்துக்கு 2,58,000, மாதத்துக்கு 21,500. பத்தாயிரம் ரூபாய் காணாமல் போய்விட்டது பாருங்கள்.

அனுமதி விஷயத்தைக் கூலியோடு சேர்த்தே கேளுங்கள். கர்நாடகத்தில் 1976ஆம் வருட மரப் பாதுகாப்புச் சட்டப்படி, சொந்த நிலத்து மரமானாலும் வெட்ட, மர அலுவலராக இருக்கும் வன அலுவலரின் அனுமதி வேண்டும். பெங்களூரில் மரத்தில் மிஷின் சத்தம் கேட்டால் நாலு பேர் போனைத் தூக்கிக்கொண்டு வந்து அனுமதிக் கடிதத்தைக் கேட்பார்கள். கேட்பதும் சரிதான். கடிதம் இல்லாமல் வேலை பாதியில் நின்றால் அன்றைய கூலி உண்டா, இல்லையா? வழக்கு வந்தால் மரத்தின் மேல் இருந்த உங்கள் பெயர் முதலில் வருமா? இரண்டையும் சேரும் முன் கேளுங்கள். சந்தன மரம் என்றால் பேச்சே வேண்டாம், இறங்கிப் போய்விடுங்கள்.

இன்னொன்று, விறகு. சில மேஸ்திரிகள் வீட்டுக்காரரிடம் கூலியைக் குறைத்துப் பேசிவிட்டு மரத்தைத் தானே எடுத்துக்கொள்வார்கள். "இந்த வேலைல ஒண்ணும் நிக்கலப்பா" என்று உங்கள் கூலியிலும் நூறு குறைப்பார்கள். லாரி ஏறிப் போன கட்டையின் காசு அந்தக் கணக்கில் வராது. விறகில் பங்கு கேளுங்கள் என்று நான் சொல்லவில்லை. விறகைக் காரணம் காட்டி உங்கள் கூலி ஏறி இறங்கக் கூடாது என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

5. உங்கள் கைச்செலவைக் கழியுங்கள்

செயின்சா யாருடையது? பெட்ரோல், டூ-ஸ்ட்ரோக் ஆயில், செயின் ஆயில் யார் போடுகிறார்கள்? செயின் மழுங்கினால் ரவுண்டு அரம் யார் வாங்குவது? ஷூ, கண்ணாடி, காதடைப்பு? தளத்துக்குப் போக வர பஸ் காசு? ஒவ்வொன்றும் சின்னத் தொகைதான். எல்லாம் சேர்ந்தால் மாதம் 2,000 ரூபாய் சாதாரணமாகப் போகும்.

என் கருத்தில் ஹார்னஸும் ஏறும் கயிறும் உங்களுடையதாக இருப்பது நல்லது, ஏனென்றால் போன வாரம் அந்தக் கயிறு எதில் உரசியது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். மிஷின் முதலாளியுடையதாக இருக்கட்டும். "சொந்த மிஷின் இருந்தா 200 சேர்த்துத் தர்றேன்" என்பார்கள். தேய்மானம், ரிப்பேர், திருட்டு எல்லாம் உங்கள் தலையில் விழும். அந்த 200 அதற்குக் காணாது.

ஆக முதல் வேலையில் மாதம் 21,500 போய் 19,500 ஆகிறது.

6. மாதச் சம்பளத்தின் சீட்டைப் பிரித்துப் படியுங்கள்

இரண்டாவது வேலையில் 20,000 என்றார்கள். கைக்கு வருவது 20,000 அல்ல. பி.எஃப். 15,000 ரூபாய் மீது 12 சதவீதம் பிடித்தால் 1,800. இ.எஸ்.ஐ. 150. கைக்கு 18,050.

புதியவர்கள் இந்த இடத்தில் கோபித்துக்கொண்டு மேஸ்திரியிடம் போய்விடுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். பிடித்த 1,800 உங்கள் பி.எஃப். கணக்கில்தான் இருக்கிறது. முதலாளியும் 1,800 போடுகிறார். அதில் 1,250 ஓய்வூதியத்துக்கும் 550 உங்கள் கணக்குக்கும் போகும். ஆக மாதம் 2,350 சேருகிறது. 18,050-ஐயும் 2,350-ஐயும் கூட்டினால் 20,400. ஓய்வூதியப் பங்கும் இ.எஸ்.ஐ. பாதுகாப்பும் இந்தக் கூட்டலில் வரவில்லை, அவை தனி.

19,500-க்கும் 20,400-க்கும் இடையில் இப்போது எது பெரிது என்று பாருங்கள். அதே சமயம் தினக்கூலி எப்போதுமே தோற்கும் என்றும் நினைக்க வேண்டாம். இந்தக் கணக்கில் இரண்டும் சமமாவது 224 நாளில். வருடத்துக்கு 260 நாள் உறுதியாகக் கிடைக்கிற கேங் என்றால் செலவு போக மாதம் 24,000 நிற்கும். அது நல்ல வேலைதான், விபத்துக் காப்பு இருக்கும் பட்சத்தில். அதனால்தான் நாள் கணக்கை முதலில் விசாரிக்கச் சொன்னேன்.

சீட்டில் இன்னும் சில இடங்களைப் பாருங்கள். முதலாளியின் பி.எஃப். பங்கையும் உங்கள் சம்பளத்திலேயே கழித்திருக்கிறார்களா? சேர்க்கும்போது சொன்ன 20,000 என்பது அவர்கள் பங்கையும் உள்ளடக்கிய தொகையாக இருந்தால் கைக்கு இன்னும் குறையும். "கையில எவ்வளவு வரும்?" என்று ஒரே கேள்வியாகக் கேளுங்கள். ஓவர்டைமுக்கு இரட்டைக் கூலி என்பது சட்டம். ராத்திரி விழுந்த மரத்துக்குக் கூப்பிட்டுவிட்டு டீயும் பரோட்டாவும் வாங்கிக் கொடுப்பது ஓவர்டைம் ஆகாது. இருபது பேரோ அதற்கு மேலோ இருக்கும் நிறுவனமானால் தகுதியானவர்களுக்குக் குறைந்தது 8.33 சதவீதம் போனஸ் உண்டு; தீபாவளி இனிப்புப் பெட்டியை அதில் சேர்க்காதீர்கள். 2025 நவம்பர் 21-இல் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி நியமனக் கடிதம் கொடுப்பது கட்டாயம். கேட்டு வாங்குங்கள்.

7. முன்பணம்

ஊரில் வைத்தே இருபதாயிரம், முப்பதாயிரம் கொடுத்து ஆள் கூட்டி வருகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. வாங்கினால் கூலியைப் பேசும் வாய் அடைந்துவிடும். கடன் தீரும் வரை வேறு இடத்துக்குப் போகக் கூடாது என்று தடுத்து வைப்பது 1976ஆம் வருடக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். ஆனாலும் அந்த நிலைக்குப் போகாமல் இருப்பதே மேல். வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் மாதம் எவ்வளவு கழிப்பார்கள் என்று எழுதி வாங்குங்கள்.

8. ஒரு நாள் தளத்தில் நின்று பாருங்கள்

காசுக் கணக்கு முடிந்தது. இனி ஏறாமல், கீழ் ஆளாக ஒரு நாள் போங்கள். அந்த கேங் எப்படிப்பட்டது என்று ஒரு பகலில் தெரிந்துவிடும்.

காலையில் முதலில் கயிறைப் பார்க்கிறார்களா? நல்ல ஆள் கயிறை உள்ளங்கையில் வைத்து முழு நீளத்துக்கும் உருவிப் பார்ப்பார். ஒரு இடத்தில் மெலிந்து போயிருந்தாலோ, ஆயில் பட்டு விறைத்திருந்தாலோ, பட்டுப்போல மினுங்கி உருகிய தடம் இருந்தாலோ அந்த இடத்தில் கை நிற்கும். அப்படி நின்றதும் கயிறை ஓரம் போடுகிறார்களா, "இன்னிக்கு ஒரு நாள் ஓட்டிடலாம்" என்கிறார்களா? இதைவிடப் பெரிய தேர்வு தேவையில்லை.

ஹார்னஸ் எந்த வகை என்று பாருங்கள். கட்டிட வேலைக்கான, முதுகில் வளையம் உள்ள ஹார்னஸ் விழும்போது பிடித்து நிறுத்துவதற்கு. அதில் தொங்கிக்கொண்டு கிளை அறுக்க முடியாது. ஆள் முன்பக்கம் கவிழ்ந்து தொங்குவார். மரத்துக்கு இடுப்பிலும் தொடையிலும் பாரம் தாங்குகிற, முன்னாலும் பக்கவாட்டிலும் வளையம் உள்ளது வேண்டும். மிஷின் ஓடும்போது ஆள் இரண்டு இடத்தில் கட்டியிருக்கிறாரா என்றும் கவனியுங்கள். ஒன்றைத் தவறி அறுத்தாலும் இன்னொன்று தாங்க வேண்டும்.

கனத்த கிளையை அறுக்கும்போது கண்ணை எடுக்காதீர்கள். தண்டிலிருந்து ஓர் அடி தள்ளி முதலில் கீழ்ப்பக்கம் கொஞ்சம் அறுத்து, பிறகு சற்று வெளியே தள்ளி மேலிருந்து அறுத்துக் கிளையை விழவைத்து, கடைசியில் மீதி முண்டை அடியில் வீங்கியிருக்கும் வளையத்தை ஒட்டி எடுத்தால் வேலை தெரிந்த கேங். மேலிருந்தே ஒரே அறுப்பாக அறுத்தால் பாதியில் கிளை முறிந்து தண்டின் பட்டையை உரித்துக்கொண்டு தொங்கும். அந்த உரிப்பு ஏறியவரின் பக்கம் திரும்பினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மேலே கம்பி போனால் கேட்க வேண்டியது ஒன்றே: "எல்.சி. வாங்கியாச்சா?" லைன் கிளியர் வாங்கி, மின்சாரம் நின்றதை லைன்மேன் உறுதி சொன்ன பிறகுதான் கை வைக்க வேண்டும். 11 கே.வி. (11,000 வோல்ட்) கம்பியில் அடி வாங்க அதைத் தொட வேண்டும் என்பதே இல்லை. ஈரக் கிளை பக்கத்தில் போனாலே போதும். கூடவே மரம் மரமாகச் சுற்றிக் கட்டியிருக்கிற இணையக் கேபிள் ஒன்று பெங்களூரின் தனிச் சாபம். எது செத்த கேபிள், எது மின்சாரம் உள்ளது என்று கீழிருந்து தெரியாது. உயர்ந்த மரமானால் மலைத்தேனீ அடை இருக்கிறதா என்று மிஷினை ஸ்டார்ட் செய்வதற்கு முன் சுற்றி வந்து பார்க்கிறார்களா என்பதையும் கவனியுங்கள்.

மதியம் சாப்பிட உட்காரும்போது மெதுவாகக் கேளுங்கள்: "மேல ஒருத்தர் மயங்கிட்டா யார்ணே ஏறி இறக்குறது?" ஒரு பெயர் உடனே வந்தால், அவருக்கென்று தனியாக ஒரு கயிறும் ஹார்னஸும் கீழே இருந்தால், அந்த கேங்கில் சேரலாம். எல்லாரும் சிரித்தால், கூலி எவ்வளவு கூடுதலாக இருந்தாலும் நான் சேர மாட்டேன்.

9. மனநிறைவை எப்படி அளப்பது

இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. முதல் மாதம் எல்லாருக்கும் பிடிக்கும். நாற்பது அடி உயரத்தில் காற்று வாங்கிக்கொண்டு உட்காரும் வேலையைப் பிடிக்காமல் இருக்குமா? அந்த மயக்கத்தில் மேலே உள்ள கணக்கையெல்லாம் விட்டுவிடுவார்கள்.

எது உங்களுக்குத் திருப்தி தரும் என்பதைப் பிரித்துப் பாருங்கள். சிலருக்குப் புயலடித்த ராத்திரியில் சாலையை மறித்துக் கிடக்கும் மரத்தை விடிவதற்குள் துண்டு போட்டு ஆம்புலன்ஸுக்கு வழி விடுவதில்தான் ருசி. அவர்கள் வளாக வேலையில் ஆறு மாதத்தில் வாடிவிடுவார்கள். சிலருக்குத் தூங்குமூஞ்சி மரத்தின் நீண்ட கிளையைக் கயிற்றில் கட்டி, கீழே இருக்கும் கண்ணாடிக் கூரையில் ஓர் இலைகூடப் படாமல் இறக்குவதில் சந்தோஷம். இன்னும் சிலருக்கு, போன வருடம் கவாத்து செய்த மரம் இந்த வருடம் எப்படித் துளிர்த்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகிற வேலை வேண்டும்.

மனதை அரிக்கிற வேலை எது என்று கேட்டால், மொட்டை அடிக்கச் சொல்வது. வீட்டுக்காரர் நிழல் வேண்டாம் என்பார், மேஸ்திரி தலையை வெட்டச் சொல்வார். அந்த மரம் அழுகத் தொடங்கும், புதிதாக வரும் கிளைகள் பிடிப்பில்லாமல் முறியும் என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் தினமும் செய்தால் கூலி இனிக்காது. அதனால் அந்த கேங் வருடத்தில் எவ்வளவு மரத்தை மொட்டை அடிக்கிறது, எவ்வளவு மரத்தை முறையாகக் கழிக்கிறது என்பதும் விசாரிக்க வேண்டிய விஷயம்தான்.

அப்புறம் உடம்பு. மிஷின் அதிர்வில் ராத்திரி விரல் மரத்துப்போகிறதா, காதில் ரீங்காரம் நிற்கவில்லையா என்று பாருங்கள். இவை வேலை பிடிக்கிறதா என்ற கேள்வியைவிட எத்தனை வருடம் செய்யலாம் என்ற கேள்விக்குப் பதில் சொல்பவை. ஏறும் வயது குறைவு. கேங்கில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் என்ன வேலை செய்கிறார் என்று பாருங்கள்; யாருமே இல்லை என்றால் அதுவும் ஒரு தகவல்.

மேலே போக வழி இருக்கிறதா என்பதும் திருப்தியில் சேரும். ஏறு ஆளிலிருந்து கேங் தலைவர், சூப்பர்வைசர் என்று போகலாம். மரங்களைப் படித்துத் தேறினால் சர்வதேச மரவளர்ப்புச் சங்கமான ஐ.எஸ்.ஏ. நடத்தும் ஆர்பரிஸ்ட் தேர்வு எழுதலாம். அதற்குப் படிப்பு இல்லாமல் அனுபவம் மட்டும் என்றால் மூன்று வருட முழுநேர வேலை வேண்டும். அதுவரை போகாவிட்டாலும் கன்னடம் பேசக் கற்றுக்கொள்ளுங்கள். குடியிருப்போர் சங்கத்திடமும் வன அலுவலரிடமும் பேசத் தெரிந்த ஆளைத்தான் சூப்பர்வைசர் ஆக்குவார்கள். பல வருடம் ஏறியும் கயிற்றோடேயே நிற்கிற நம் ஆட்கள் பலரைத் தடுத்தது இது ஒன்றுதான்.

10. பேரம் பேசுதல், பிறகு சரிபார்த்தல்

இப்போதுதான் கூலியைப் பற்றிப் பேசும் நேரம். உங்கள் கையில் நாள் கணக்கு, செலவுக் கணக்கு, காப்பு விவரம் மூன்றும் இருக்கின்றன. வெறுமனே "நூறு சேர்த்துக் கொடுங்க" என்று கேட்டால் மறுப்பது சுலபம். "மழை நாள்ல பாதிக் கூலி போடுங்க", "செயினும் ஆயிலும் உங்க கணக்கு", "மாசத்துக்கு 20 நாளாவது உறுதி சொல்லுங்க" என்று கேளுங்கள். நூறு ரூபாய் உயர்வு 215 நாளுக்கு 21,500. மழைக்குப் பாதிக் கூலியாக 40 நாள் கிடைத்தாலே 24,000. மேஸ்திரிக்கோ தினமும் நூறு ஏற்றுவதைவிட இது கேட்கச் சின்னதாகத் தெரியும்.

மரத்துக்கு இவ்வளவு என்று ரேட் பேசுவதானால் கேபிள், தேனீ, பக்கத்து வீட்டு ஓடு எல்லாம் பார்த்த பிறகே தொகை சொல்லுங்கள். போட்டோவைப் பார்த்து ரேட் சொன்னவர்கள் அவசரத்தில் அறுத்து நஷ்டப்படுவார்கள். அவசரத்தில்தான் விபத்தும்.

பேசி முடித்ததும் அன்றே வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்புங்கள்: "அண்ணே, நாள் 1,200, மழை நாள் பாதி, சனிக்கிழமை பட்டுவாடா, செயின் ஆயில் உங்களது. திங்கள்கிழமை வர்றேன்." அவர் சரி என்று பதில் போட்டால் அதுவே போதும்.

சேர்ந்து மூன்று மாதம் ஆனதும் மத்திய அரசின் உமங் ஆப்பில் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து மாதாமாதம் பணம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பிடித்துவிட்டுக் கட்டாமல் இருந்தால் முதலில் அலுவலகத்தில் சம்பளச் சீட்டைக் காட்டிக் கேளுங்கள். அடுத்த மாதமும் ஏறவில்லை என்றால் பி.எஃப். இணையதளத்திலேயே புகார் போடலாம். சீட்டின் போட்டோவும் வங்கிப் பாஸ்புக்கும் இணைத்தால் நல்லது. ஒப்பந்ததாரர் கூலியே தராமல் ஓடினால், வேலை கொடுத்த மூல நிறுவனத்தையும் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அதனால் எந்த வளாகத்தில், எந்த சாலையில், எந்தத் தேதியில் ஏறினீர்கள் என்பதையும் அதே நோட்டில் குறித்து வையுங்கள்.